ஈடர் வாத்து: 26 நாள் பட்டினியும் ஒரு பிடித் தூவியும்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஐஸ்லாந்து போய் வந்த நண்பர் அங்கே ஒரு கடையில் வாத்துத் தூவி அடைத்த போர்வையைப் பார்த்திருக்கிறார். விலை நம் பணத்தில் லட்சக்கணக்கில். "வாத்தை உயிரோடு பிடித்து இறகைப் பிடுங்குகிறார்களா? அப்படி என்ன வாத்து அது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

மனிதர் யாரும் பிடுங்குவதில்லை. அந்த வாத்தே தன் வயிற்றிலிருந்து தானே பிடுங்கிக்கொள்கிறது. ஏன் அப்படிச் செய்கிறது என்று சொல்லப் போனால் அது என்ன தின்கிறது, எங்கே முட்டையிடுகிறது, யாருக்குப் பயப்படுகிறது எல்லாம் வரும். அதனால் பதில் கொஞ்சம் நீளம்.

அதன் பெயர் ஈடர். ஐஸ்லாந்து மொழியில் அதைக் குறிக்கும் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. 1758இல் உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் வைத்த லின்னேயஸ் இதற்கு 'மொலிசிமா' என்று பெயர் வைத்தார். லத்தீனில் 'மிக மெத்தென்றது' என்று பொருள். பிறகு வந்த பேரினப் பெயர் 'சொமட்டேரியா', கிரேக்கத்தில் 'கம்பளி உடம்பு'. இரண்டு பெயருமே தூவியைத்தான் சொல்கின்றன. தூவி என்கிற சொல்லைப் பலர் மறந்திருக்கலாம். மேலிறகுக்கு அடியில், தண்டில்லாமல் பஞ்சுபோல் இருப்பது அது. அன்னத்தின் தூவி அடைத்த அரசியின் படுக்கை நம் சங்கப் பாட்டிலேயே உண்டு. ஆகவே பறவையின் அடிமயிரில் படுக்கும் ஆசை வடநாட்டாருக்கு மட்டும் வந்ததில்லை.

ஐரோப்பாவின் மிகப் பெரிய வாத்து இதுதான். சராசரியாக 2 கிலோ எடை. நெற்றியும் அலகும் ஒரே சரிவாக, ஆப்பு வைத்ததுபோல் நீண்டிருக்கும். தூரத்திலிருந்தே அடையாளம் தெரிந்துவிடும். ஆண் முதுகில் வெள்ளை, வயிற்றில் கறுப்பு, பிடரியில் வெளிர்பச்சை, மார்பில் லேசான ரோஜா நிறம். பெட்டை முழுக்கப் பழுப்பு, மேலே கறுப்புக் கோடுகள். காய்ந்த புல்லிலும் கடற்பாசிக் குவியலிலும் உட்கார்ந்தால் காலடியில் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. நான் சில வருடம் இங்கிலாந்தின் நியூகாசிலில் இருந்தேன். அங்கிருந்து வடக்கே சீஹவுசஸ் என்கிற சின்னத் துறைமுகத்தில் இவை படகுகளுக்கு நடுவே ஆள் பயமில்லாமல் நீந்தும். ஆண்கள் கூடிக் கத்துவதைக் கேட்க வேண்டும்: யாரோ எதையோ பார்த்து 'ஆ... ஊ...' என்று வியந்து இழுப்பதுபோல் இருக்கும். முதல் நாள் ஏதோ மனிதக் குரல் என்றுதான் திரும்பிப் பார்த்தேன்.

வடதுருவத்தைச் சுற்றிய குளிர்க்கடல் ஓரங்கள்தான் இதன் வீடு. ஐஸ்லாந்து, கிரீன்லாந்து, நார்வே, பால்டிக் கடல், பிரிட்டனின் வடபகுதி, கனடாவின் ஹட்சன் விரிகுடா, அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கடற்கரை, அலாஸ்கா, சைபீரியாவின் கிழக்குக் கோடி. நன்னீர் ஏரிக்கு அபூர்வமாகத்தான் வரும். குளிர்காலத்திலும் நம் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. கடல் உறையாத இடம் கிடைத்தால் அதற்குப் போதும்.

சரி, சாப்பாடு. வேடந்தாங்கலில் நாம் பார்க்கிற ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் நீர்மட்டத்தில் மேய்பவை. ஆழம் வேண்டுமென்றால் வாலை வானத்துக்குக் காட்டித் தலைகீழாகக் கவிழும், அவ்வளவுதான். ஈடர் முழுக்க மூழ்கும். இறக்கையைப் பாதி விரித்துத் துடுப்புபோல் அடித்துக்கொண்டு கடலடிக்கு இறங்கும். பெரும்பாலும் 10 மீட்டருக்குள் வேலை முடிந்துவிடும். தேவைப்பட்டால் அதற்கு இரண்டு மடங்கும் போகும். அங்கே அது தேடுவது நீலச் சிப்பியை. குமரிக் கடலோரத்தில் பாறையிலிருந்து குளித்தெடுக்கிற சிப்பி, கேரளத்தில் கல்லுமக்காய் என்கிறார்களே, அதன் குளிர்நாட்டு உறவு.

சிப்பியை உடைத்துத் தின்னாது, ஓட்டோடு முழுசாக விழுங்கிவிடும். உடைக்கிற வேலை அரைவைப்பையுடையது. கோழிக்கும் இருக்கிற அதே தடித்த தசைப்பைதான். ஈடரிடம் அது சிப்பி ஓட்டை நொறுக்குகிற ஆட்டுக்கல். நண்டு பிடித்தால் மட்டும் கொஞ்சம் நாசூக்கு பார்க்கும்: உதறி உதறிக் காலை எல்லாம் கழற்றிவிட்டு உடம்பை விழுங்கும். கடல் முள்ளெலியும் தின்னும்.

இந்தச் சாப்பாட்டில் ஒரு சிக்கல். சிப்பி என்றால் பாதிக்கு மேல் ஓடும் உப்புத் தண்ணீரும்தான், சதை கொஞ்சம். அதிலும் அது பனிக்கட்டிக் குளிரில் இருக்கும். விழுங்கியதை உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவர வேண்டும், ஓட்டை அரைக்க வேண்டும், உப்பை வெளியேற்ற வேண்டும். எல்லாவற்றுக்கும் சக்தி செலவாகிறது. உப்பை வெளியேற்றக் கண்ணுக்கு மேலே தனிச் சுரப்பிகள் உண்டு. அடர்ந்த உப்புநீர் மூக்குத்துளை வழியே சொட்டும். ஆகவே ஈடர் எந்தச் சிப்பியையும் கண்டபடி விழுங்குவதில்லை. ஓடு மெல்லிசாக, சதை கூடுதலாக இருப்பதைத்தான் பொறுக்கும். கயிற்றில் தொங்கவிட்டு வளர்க்கும் பண்ணைச் சிப்பி சரியாக அப்படித்தான் இருக்கிறது. ஸ்காட்லாந்துச் சிப்பிப் பண்ணைக்காரர்களிடம் ஈடரைப் பற்றிக் கேட்டால் நல்ல வார்த்தை வராது.

இப்படிச் சேர்ப்பதெல்லாம் எதற்கு என்பது வசந்தத்தில் தெரியும். முட்டையிடுவதற்கு முந்தைய வாரங்களில் பெட்டை ஓயாமல் முங்கித் தின்றுகொண்டே இருக்கும். ஆண் பக்கத்திலேயே நின்று மற்ற ஆண்கள் வந்து தொந்தரவு செய்யாமல் விரட்டும். குடும்பத்துக்கு அதன் பங்களிப்பு ஏறக்குறைய இவ்வளவுதான் என்பதால் இதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. பெட்டையின் உடம்பில் கொழுப்பு ஏறிக்கொண்டே வரும். பிறகு ஜோடி தீவுக்குப் போகும். எந்தத் தீவு என்பதையும் பெட்டைதான் முடிவு செய்கிறது. பெரும்பாலும் தான் பிறந்த தீவு, அல்லது அதற்குப் பக்கத்தில். குளிர்காலக் கூட்டத்தில் வேறு ஊர்ப் பெட்டையோடு ஜோடி சேர்ந்த ஆண், மறுபேச்சில்லாமல் பெட்டையின் ஊருக்குப் போய்விடும். வீட்டோடு மாப்பிள்ளை.

தீவைத் தேடுவதற்குக் காரணம் நரி. கடல் சூழ்ந்த இடத்துக்கு அது எளிதில் வர முடியாது. தரையில் ஒரு சின்னக் குழி, கொஞ்சம் புல், கடற்பாசி. நான்கைந்து முட்டை, ஆலிவ் பச்சை. முட்டையிடும்போதே பெட்டை தன் வயிற்றுத் தூவியைப் பிடுங்கிச் சுற்றி அடுக்க ஆரம்பிக்கும். அந்தப் பருவத்தில் ஹார்மோன் மாற்றத்தால் தூவி தானாகவே தளர்ந்திருக்கும். இதில் இரட்டை லாபம்: வயிற்றில் தூவி போன இடத்தில் வெறும் தோல் நேராக முட்டையில் பட்டுச் சூடு கொடுக்கும், பிடுங்கிய தூவி கூட்டைச் சுற்றி மெத்தையாகிச் சூட்டைப் பிடித்துவைக்கும்.

அப்புறம் அது உட்காரும். 25, 26 நாள். அவ்வளவு நாளும் சாப்பாடு கிடையாது. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சில நிமிடம் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் உண்டு. போகும்போது தூவியை இழுத்து முட்டைமேல் போர்த்திவிட்டுப் போகும். மற்ற வாத்து இனங்களில் பெட்டை தினமும் எழுந்து போய் மேய்ந்துவிட்டு வருவது சாதாரணம். ஈடர் கையிருப்பை மட்டும் வைத்துக் கல்யாணம் நடத்துகிற வீடு மாதிரி. நடுவில் கடன் வாங்க வழியில்லை. குஞ்சு பொரிக்கும்போது அதன் எடையில் மூன்றில் ஒரு பங்கோ, சில சமயம் 40 சதவீதம் வரைக்குமோ கரைந்திருக்கும். இருப்பு முன்னாலேயே தீர்ந்துவிட்டால் கூட்டைக் கைவிட்டுப் போய்விடும். அடுத்த வருடம் இருக்கிறதே என்கிற கணக்கு. அடையாளத்துக்காகக் காலில் வளையமிட்ட ஈடர்களில் 30 வயதைத் தாண்டியவை பதிவாகியிருக்கின்றன, ஆகவே அது தப்பான கணக்கும் இல்லை.

பட்டினி கிடக்கிற காரணம், கூட்டைக் காலியாக விட்டால் கடற்காகமும் அண்டங்காக்கையும் முட்டையை விட்டுவைக்காது. அசையாமல் இருப்பதுதான் அதன் முதல் பாதுகாப்பு. கையை நீட்டினால் தொடுகிற தூரம் வரை அது எழாது. கடைசி நொடியில் அலறிப் புடைத்து எழ நேர்ந்தால் முட்டைமேல் ஒரு திரவக் கழிவைப் பீய்ச்சிவிட்டுப் போகும். சாதாரண எச்சம் இல்லை. பட்டினி வயிற்றில் ஊறியது, நாற்றம் குடலைப் பிடுங்கும். அது பட்ட உணவை எலியும் ஃபெரட் என்கிற மரநாய்ச் சாதியும் தொட மறுத்ததைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். தூவி சேகரிக்கப் போகிறவர்கள் கதவைத் தட்டுவதுபோல் மெதுவாகப் பேசிக்கொண்டு, நிதானமாக நடந்து போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆண் இந்தக் காட்சி எதிலும் இல்லை. பெட்டை அடைகாக்க ஆரம்பித்த சில நாளிலேயே கடலுக்குப் போய் மற்ற ஆண்களோடு சேர்ந்துகொள்ளும். அங்கே பளபளப்பு எல்லாம் உதிர்ந்து கறுத்துப்போய், புது இறக்கை முளைக்கும் வரை சில வாரம் பறக்கவும் முடியாமல் மிதக்கும். பெட்டையின் தூவி தீர்ந்தால் ஆண் தன் தூவியைப் பிடுங்கிக் கொடுக்கும் என்று பழைய புத்தகங்களில் ஒரு கதை உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆள் ஊரிலேயே இல்லை.

குஞ்சுகள் பொரித்து ஒரு நாளுக்குள் கடலுக்கு இறங்கிவிடும். தாய் ஊட்டாது, கரையோர ஆழமற்ற நீரில் இறால் மாதிரியான சின்னப் பிராணிகளையும் பொடி நத்தைகளையும் தாமே பொறுக்கும். இங்கே ஒரு வினோத ஏற்பாடு. பல குடும்பங்கள் சேர்ந்து ஒரே கூட்டமாகும். சில பெட்டைகள் சுற்றி நின்று காவல் காக்கும். பின்லாந்தின் தெற்குக் கரைத் தீவுகளில் இதைப் பல வருடம் கவனித்த ஆராய்ச்சியாளர்கள் ஒன்று சொல்கிறார்கள். எடை நிறைய இழந்த தாய்கள் குஞ்சுகளை இந்தக் கூட்டத்தில் விட்டுவிட்டு மேயப் போய்விடுகின்றன. கொஞ்சம் தெம்பாக இருப்பவை நின்று வளர்க்கின்றன. அதாவது வசந்தத்தில் தின்ற சிப்பியின் கணக்கு இங்கேயும் வந்து நிற்கிறது. இவ்வளவுக்குப் பிறகும் பெரும்பாலான குஞ்சுகள் கடற்காகத்தின் வாய்க்குத்தான் போகும். ஒரு பெட்டை பத்துப் பதினைந்து வருடம் முயன்றால் சிலது தப்பும். இனம் ஓடுவது அப்படித்தான்.

இப்போது உங்கள் போர்வைக்கு வருகிறேன். தூவியின் கிளைகளில் நுண்ணிய கொக்கிகள் உண்டு. ஒரு பிடியைக் கையில் எடுத்து உதறினாலும் உதிராது, ஒன்றையொன்று பற்றிக்கொண்டு ஒரே மேகமாக நிற்கும். கூட்டைக் காற்று கலைக்காமலிருக்க அமைந்த குணம் அது. போர்வைக்குள் அதே குணம், தூவி ஒரு மூலைக்கு ஒதுங்காமல் காக்கிறது. வாத்துக் குஞ்சு பொரித்துப் போன பிறகு கூட்டில் கிடப்பதை எடுக்கிறார்கள். சில இடங்களில் அடைகாக்கும்போதே ஒரு பகுதியை எடுத்துவிட்டுப் பதிலுக்கு உலர்ந்த வைக்கோலை வைப்பதும் உண்டு. புல், பாசி, ஓட்டுத்துண்டு எல்லாம் கலந்த அழுக்குக் குவியல் அது. சூட்டில் காயவைத்து, உதறி, கடைசியில் கையால் பொறுக்கிச் சுத்தம் செய்ய வேண்டும். நார்வேயில் பழைய முறையில் யாழ்போல் நரம்பு கட்டிய சட்டத்தில் தேய்த்துத் தேய்த்துக் குப்பையை உதிர்ப்பார்கள். ஒரு கிலோ சுத்தத் தூவிக்குக் கிட்டத்தட்ட 60 கூடுகள் வேண்டும். உலகம் முழுக்க வருடத்துக்குச் சில ஆயிரம் கிலோதான் கிடைக்கிறது. அதில் பெரும்பங்கு ஐஸ்லாந்திலிருந்து. விலை ஏன் அப்படி என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

ஐஸ்லாந்தில் இதைப் பண்ணை என்றுதான் சொல்கிறார்கள், ஆனால் வாத்து காட்டு வாத்து. வேலியில்லை, கூண்டில்லை, தீனியும் போடுவதில்லை. விவசாயி செய்வது காவல். நரியையும் மிங்க்கையும் இரவெல்லாம் விழித்து விரட்டுவார்கள். இந்த மிங்க், மென்மயிர்ப் பண்ணைக்காக 1931இல் கொண்டுவரப்பட்டுத் தப்பியோடிய பிராணி. கூடு வைக்க வசதியாகப் பழைய டயரை அடுக்குவார்கள், வண்ணக் கொடி கட்டுவார்கள், மணி தொங்கவிடுவார்கள்; கலகலப்பான இடம் ஈடருக்குப் பிடிக்கும் என்பது அங்கத்தியர் அனுபவம். வாத்துக்கும் கணக்கு சரியாக வருகிறது: மனிதன் இருக்கிற இடத்தில் நரி வராது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயே அங்கே ஈடரைக் கொல்வதைச் சட்டம் முழுசாகத் தடுத்துவிட்டது. நார்வேயின் வேகா தீவுக்கூட்டத்தில் வாத்துக்கென்று சின்னச் சின்ன வீடுகளே கட்டுவார்கள். அந்தத் தீவுகளும் அந்த வாழ்க்கை முறையும் 2004இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன.

இதற்கெல்லாம் முன்னோடி என்று சொல்லப்படுபவர் நான் முன்பு சொன்ன சீஹவுசஸுக்கு எதிரே, ஃபார்ன் தீவில் தனியாக வாழ்ந்த துறவி கத்பர்ட். 687இல் இறந்தார். ஈடரைத் தொடக் கூடாதென்று விதி வைத்தார், உலகின் முதல் பறவைப் பாதுகாப்புச் சட்டம் அதுதான் என்றெல்லாம் சுற்றுலாக் கையேடுகள் எழுதும். ஈடர்கள் அவரிடம் பழகிய கதைகள் அவர் இறந்து ஏறக்குறைய ஐந்நூறு வருடம் கழித்துத்தான் எழுதப்பட்டன, ஆகவே நான் அவற்றை முழுசாக நம்பிவிடுவதில்லை. ஆனால் அந்தப் பக்கத்து மக்கள் இன்றும் ஈடரை 'கடி வாத்து' என்பார்கள். கடி என்பது கத்பர்ட்டின் செல்லப் பெயர். எழுத்தில் கடி, அவர்கள் வாயில் கிட்டத்தட்ட 'குடி'. இரண்டுமே நம் காதில் வேறு மாதிரி விழும்.

தூவியை எடுப்பதால் ஈடர் குறைந்தது என்று சொல்ல முடியாது. குறைத்தவை வேறு. துப்பாக்கியும் முட்டை பொறுக்கலும் ஒரு காலத்தில் மெய்ன் கடற்கரையில் அதை ஏறக்குறைய துடைத்தேவிட்டன. 1918இல் அமெரிக்கா வலசைப் பறவைச் சட்டம் கொண்டுவந்த பிறகுதான் மீண்டது. கிரீன்லாந்தில் 2001இல் வேட்டைக் காலத்தைச் சுருக்கினார்கள்; சில வருடத்திலேயே கூடுகளின் எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. சுடுவதை நிறுத்தினால் திரும்பி வருகிற பறவைதான்.

சாப்பாடு போனால் அப்படித் திரும்ப முடியாது. நெதர்லாந்தின் வாடன் கடலில் 1999–2000 குளிர்காலத்தில் சுமார் 21,000 ஈடர்கள் பட்டினியால் செத்தன. சிப்பியையும் மட்டியையும் முன்பே மனிதர்கள் வாரி எடுத்திருந்தார்கள். ஹட்சன் விரிகுடாவின் பெல்ச்சர் தீவுகளில் இன்னொரு வகைப் பட்டினி. அங்குள்ள ஈடர்கள் தெற்கே போவதில்லை, பனிக்கு நடுவே உறையாமல் திறந்திருக்கும் நீர்ப்பகுதிகளில் குளிர்காலத்தைக் கழிப்பவை. 1991–92இல் அந்தத் திறப்புகளும் உறைந்துபோயின. வாத்துகள் கூட்டமாகச் செத்ததை முதலில் கவனித்துச் சொன்னவர்கள் சனிகிலுவாக் என்ற ஊரின் பூர்வகுடிகளான இனுயிட் மக்கள். பின்னால் கணக்கெடுத்தபோது, 1980களின் இறுதியில் இருந்த கூடுகளில் முக்கால்வாசி குறைந்திருந்தன. அந்த மக்களுக்கு இது பறவைச் செய்தி மட்டுமில்லை. அந்தத் தீவுகளில் கரிபு மான் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மறைந்துபோனது. அன்றிலிருந்து மான்தோலுக்குப் பதிலாக ஈடர் தோலைத் தைத்துத்தான் குளிர் அங்கி போட்டார்கள்.

பால்டிக்கில் நிலைமை இன்னும் சிக்கல். அங்கே டிடிடி என்கிற பூச்சிக்கொல்லி நஞ்சால் அழியப் பார்த்த வெண்வால் கடற்கழுகைப் பாடுபட்டு மீட்டார்கள். மீண்டு வந்த கழுகு, கூட்டில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஈடர் பெட்டையைத் தூக்குகிறது. நரிக்கும் காகத்துக்கும் எதிராகப் பலித்த அந்த அசையாமை கழுகிடம் பலிக்கவில்லை. பெட்டைகளே அதிகம் சாவதால் கூட்டங்களில் ஆண்கள் மிகுந்துவிட்டன. வடகனடாவில் கடற்பனி சீக்கிரம் உருகுவதால் சீல் வேட்டை கிடைக்காத துருவக்கரடிகள் தீவில் ஏறி முட்டையை வரிசையாகத் தின்றுவிட்டுப் போகின்றன. இரண்டு கிலோ வாத்தின் பீய்ச்சலுக்கெல்லாம் கரடி அசராது. மொத்தத்தில் ஈடர் இன்று, அழியும் அபாயத்தை அளவிடும் உலகச் சிவப்புப் பட்டியலில் 'அச்சுறுத்தலை நெருங்குகிற' இனம்.

நேரில் பார்க்க ஆசையிருந்தால் மே மாதம் சீஹவுசஸிலிருந்து ஃபார்ன் தீவுக்குப் படகு ஏறுங்கள். முன்பதிவும் தீவு திறந்திருக்கிறதா என்பதும் பார்த்துக்கொள்ளுங்கள். இறங்கியதும் நடைபாதை ஓரத்திலேயே, புல்லோடு புல்லாக, ஒரு பெட்டை உட்கார்ந்திருக்கக்கூடும். படம் எடுக்கக் குனிந்து நிற்காமல் நடந்துகொண்டே பார்த்துவிட்டுப் போங்கள். அது எத்தனையாவது நாள் பட்டினியில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது, மேலே கடற்காகம் வேறு சுற்றிக்கொண்டிருக்கும்.